முதல் மிதி

நுழையுமுன்

போர்க்களத்து வீரத்தைப் போற்றும் இலக்கியங்கள் தமிழில் பல உள்ளன. வாளும் வேலும் ஏந்தாத எளிய மனிதர், நாள்தோறும் காட்ட வேண்டிய துணிவு ஒன்றும் உண்டு. வகுப்பில் எழுந்து ஐயம் கேட்பது, வங்கியில் தம் கையால் படிவம் நிரப்புவது, ஊரார் பார்த்திருக்க மிதிவண்டி ஓட்டுவது போன்ற சிறு செயல்களின் முன்னும் மனம் தயங்கி நிற்கிறது. அத்தகைய தயக்கத்தைத் தமிழகத்துச் சிற்றூர்ப் பெண்கள் கடந்த வரலாறு ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இழை இழையாக

திருவண்ணாமலை மாவட்டத்தில், பாலாற்றின் துணையாறான செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர், ஆற்றின் பெயராலேயே செய்யாறு என வழங்குகிறது. ஏட்டில் செய்யாறு என்று எழுதினாலும் மக்கள் நாவில் அது செய்யார்தான். தேவாரப் பாடல் பெற்ற திருவோத்தூர்த் தலம் இங்கேதான் உள்ளது. மேற்கே ஆரணி, வடகிழக்கே காஞ்சிபுரம் என இருபுறமும் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் இருப்பதால், இப்பகுதியினர்க்குத் தறியின் ஓசை புதிதன்று.

தறியில் ஒரு பாவு முடிந்து மறுபாவு ஏற்றும் நாளில் அவ்வீட்டுக்குச் சென்று பார்ப்பது நல்லது. பழைய பாவின் கடைசி இழைகள் தறியிலேயே விடப்பட்டிருக்கும். புதிய பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாக எடுத்து, விரல்நுனியால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஒரு பட்டுச் சேலையின் அகலத்தில் உள்ள இழைகள் ஆயிரக்கணக்கானவை. தலைமயிரினும் மெல்லிய அவ்விழைகளுள் ஒன்று தவறினாலும் துணி முழுதும் அந்தக் குறை கோடாக ஓடும். இத்தனை இழைகளையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பவருக்குக் கை ஓடாது. பிணைப்பவர் எண்ணுவதில்லை. அவர் கண் முன் இருப்பது ஓர் இழை. அது முடிந்தால் அடுத்தது. பொழுது சாய்வதற்குள் பாவு தறியோடு சேர்ந்துவிடுகிறது. நெசவாளர் இதைத் துணிவு என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆயினும், பெரிய செயலொன்றின் முன் மலைத்து நிற்கும் மனம் கற்க வேண்டிய முறை ஒன்று இதில் இருக்கிறது.

அச்சத்தின் இலக்கணம்

அச்சத்தை இழிவாகப் பேசிவிட்டு நகர்வது எளிது. தமிழ் இலக்கண மரபு அவ்வாறு செய்யவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. நகை, அழுகை, உவகை போன்றவற்றோடு சமமாக அதற்கும் இடமளித்து, அது தோன்றும் நிலைக்களன்களையும் நான்காகப் பகுத்துள்ளார். வருத்தும் தெய்வமாகிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தமக்குத் தலைவராயினார் ஆகியன அந்நான்கும். முதல் மூன்றும் உயிருக்கும் உடைமைக்கும் வரும் இடர் பற்றியவை. நான்காவது, அதிகாரம் உடையவர் முன் நிற்கும்போது எழுவது. அலுவலகத்தில் உயர்ந்த மேசைக்கு எதிரே நின்று சொல்ல வந்ததை மறந்துபோகும் எளிய மனிதரின் அச்சத்தை இந்த நான்காம் வகையில் அடக்கலாம்.

அச்சத்துக்கு அடுத்துச் சொல்லப்படும் மெய்ப்பாடு பெருமிதம் என்பதும் கருதத்தக்கது. கல்வி, தறுகண்மை, புகழ், கொடை ஆகியவற்றால் பெருமிதம் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. அஞ்சாமையாகிய தறுகண்மைக்கு முன்பாகக் கல்வி வைக்கப்பட்டுள்ளது. கல்வியும் துணிவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்குப் பின்னர் வரும் புதுக்கோட்டை நிகழ்வு சான்றாகும்.

அகஇலக்கியம் வேறோர் அச்சத்தை நன்கு அறியும். அது ஊர்வாய்க்கு அஞ்சும் அச்சம். சிலர் தமக்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், அது பலரறியப் பரவுவதை அலர் என்றும் பெயரிட்டு வேறுபடுத்தும் அளவுக்கு நம் முன்னோர் அதை நுணுகி நோக்கியிருக்கின்றனர். திருக்குறளின் காமத்துப்பாலில் அலருக்கென ஓர் அதிகாரமே இருக்கிறது. ஊரார் பேச்சால் காதல் வாடவில்லை, வளரவே செய்தது என்பது அவ்வதிகாரத்தின் போக்கு.

பொருட்பாலிலும் வள்ளுவர் அன்றாட அச்சம் ஒன்றைத் தனி அதிகாரமாக்கியுள்ளார். அவை அஞ்சாமை என்பது அதன் பெயர். போர்க்களத்தில் சாவுக்கு அஞ்சாதவர் பலர் கிடைப்பர், அவையில் அஞ்சாது பேச வல்லவர் சிலரே என்னும் கருத்தை அவர் அங்கே முன்வைக்கிறார். படைவீரரைவிட மேடையேறுபவரை அரியவராகக் காட்டுவது மிகையாகத் தோன்றலாம். முதன்முறை இறைவணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அழைக்கப்பட்ட எந்த மாணவரும் அதை மிகையென்று சொல்லமாட்டார்.

வேடிக்கை இயல்பான கதை

செய்யாற்றை அடுத்துள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து பல்லாயிரம் பெண்கள் நாள்தோறும் பேருந்துகளில் சென்று வருகின்றனர். சாலையோரம் நிற்கும் அவர்களை எவரும் வேடிக்கை பார்ப்பதில்லை. சென்ற நூற்றாண்டின் இறுதிவரை தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் வளர்ந்த பெண் ஒருத்தி மிதிவண்டியில் செல்வதே வேடிக்கைப் பொருளாக இருந்தது. சட்டம் எதுவும் அதைத் தடுக்கவில்லை, ஊர்வாய் தடுத்தது. அந்த வேடிக்கை எவ்வாறு இயல்பாயிற்று என்பதற்குத் தெளிவான சான்று, இங்கிருந்து தெற்கே நெடுந்தொலைவில் உள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடைக்கிறது.

இந்திய அரசு 1988ஆம் ஆண்டு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990ஆம் ஆண்டு நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அம்முறையைப் பின்பற்றி 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பெற்றது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். வானம் பார்த்த வேளாண்மையும் கல்லுடைப்பும் மிகுந்த மாவட்டம் அது. கற்க வந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கற்பித்த தொண்டர்களுள்ளும் பெண்கள் மிகுதி. பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த கைகள் இரவில் எழுதுகோல் பிடித்தன.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று எழுந்தது. ஒரு தொண்டர் பல குடியிருப்புகளுக்குச் சென்று வரவேண்டும். பேருந்து வரும் ஊர்கள் குறைவு. வரும் பேருந்தும் ஒரு நாளில் சில முறையே வரும். ஆண் தொண்டர்கள் மிதிவண்டியில் போய்விடுவர். பெண்கள் அண்ணனையோ கணவனையோ தம்பியையோ எதிர்பார்த்து நின்றனர். படிப்பு மட்டும் போதாது, போய்வரும் உரிமையும் வேண்டும் என்பது இயக்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மிதிவண்டி கற்பது எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாக்கப்பட்டது. நல்ல பாடத்திட்டங்கள் சில, அறைக்குள் திட்டமிடாமல் இப்படித் தெருவில்தான் பிறக்கின்றன.

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி மிதிவண்டி கற்பது எத்தகைய செயல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுவனாக இருந்தால் விழுவான், முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழுவான். மணமான பெண்ணுக்கு விழுவது ஓர் அச்சம். விழும்போது பார்ப்பவர்கள் இருப்பது அதனினும் பெரிய அச்சம். புடவை சக்கரத்தில் சிக்கும். வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற கலக்கம் வேறு. வண்டியும் பெரும்பாலும் ஆண்கள் ஓட்டுவதாகவே இருந்தது. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே குறுக்குக் கம்பி ஓடும் அவ்வண்டியில் புடவையோடு ஏறி அமர்வது எளிதன்று. எட்டாத உயரத்தைச் சமாளிக்கக் கம்பியின் கீழே காலை நுழைத்து மிதிக்கும் குரங்குப் பெடல் முறையைச் சிறுவர்கள் கண்டுபிடித்திருந்தனர். ஊரில் மதிப்போடு வாழும் பெண் அதையா செய்வாள்?

பாதியாய், கால்வாசியாய்

மிதிவண்டியை ஒரே நாளில் எவரும் ஓட்டிவிடுவதில்லை. கற்றவர் அனைவரும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வந்திருக்கின்றனர். முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கப் பழகுவது. அதன் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கைக்குத் தெரியவேண்டும். அடுத்து, இடக்காலை மிதியில் ஊன்றி வலக்காலால் தரையை உந்திக்கொண்டு சிறிது தொலைவு போவது. பிறகு, பின்னால் ஒருவர் பிடித்திருக்க இருக்கையில் ஏறி அமர்வது. கீழே பார்க்காமல் தொலைவில் பார்க்கச் சொல்வார்கள். அமர்ந்தவர் கண்ணோ சக்கரத்தையே பார்க்கும். வண்டி வளையும், சாயும், சில நேரம் வேலியில் போய் முட்டும். மீண்டும் தள்ளிக்கொண்டு வந்து முதல் மிதி.

இந்தப் படிகளில் எதுவும் தனியே நோக்கினால் வீரச்செயல் ஆகாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதற்கு என்ன துணிவு வேண்டும்? ஆனால் ஊர்ச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த பெண்ணுக்கு, மறுநாள் அதன் மிதியில் ஒரு கால் வைப்பது நேற்று இருந்ததைவிடச் சற்றுக் குறைந்த தொலைவில் இருந்தது. அச்சம் முற்றும் நீங்கிய பின்னர் வண்டியில் ஏறுவோம் என்று அப்பெண்கள் காத்திருந்தால், அவ்வண்டிகள் திண்ணையோரமே துருவேறியிருக்கும். அஞ்சிக்கொண்டேதான் ஏறினார்கள். அச்சம் குறைந்தது பின்னர், ஓட்டிய பின்னர்.

அவர்கள் தனியே ஏறவில்லை என்பதும் முதன்மையானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்களில் பயிற்சி முகாம்கள் நடந்தன. திருவிழாவுக்குச் செல்வதுபோல் நல்ல புடவை உடுத்திப் பெண்கள் வந்தனர். ஒருத்தி மட்டும் மைதானத்தில் விழுந்தால் அது கேலிக்குரியது. நாற்பது பேர் விழுந்து எழும் மைதானத்தில் கேலி செய்பவன்தான் தனியாள். அறிவொளித் தொண்டர் ஒருவர் மிதிவண்டி கற்கப் பெண்களை அழைத்து எழுதிய பாடல் மாவட்டம் முழுதும் பாடப்பட்டது. பாடிக்கொண்டு செய்யும் செயலில் பாதி அச்சம் பாட்டோடு போய்விடும். நடவுப் பாட்டும் ஏற்றப்பாட்டும் பாடி வளர்ந்த நாட்டார்க்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கேலிப் பேச்சு இல்லாமற் போகவில்லை. சாலையில் சீழ்க்கை அடித்தவர்களும், குடும்பப் பெண்ணுக்கு இது தகுமா என்றவர்களும் இருந்தனர். பெண்கள் அவர்களுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கவில்லை, ஓட்டிக்கொண்டிருந்தனர். 1992ஆம் ஆண்டு நடந்த காட்சி ஓட்டங்களிலும் போட்டிகளிலும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். மிதிவண்டி கற்ற சிற்றூர்ப் பெண்களின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. சிறுமியரை நீக்கிக் கணக்கிட்டால், அம்மாவட்டச் சிற்றூர்ப் பெண்களுள் நான்கில் ஒருவருக்கு மேல் ஓட்டக் கற்றிருந்தனர் என்று அங்கு நேரில் சென்று ஆராய்ந்த இதழாளர் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார். அத்தனை பேரும் சாலைக்கு வந்த பின்னர் அலர் தூற்ற ஊரில் எவர் மிஞ்சுவர்? தூற்றியவர் வீட்டுப் பெண்ணும் அக்கூட்டத்தில் இருந்தாள்.

குறுக்குக் கம்பியின் பயன்

பெண்களுக்கென வடிவமைத்த மிதிவண்டிகளின் விற்பனை அக்காலத்தில் புதுக்கோட்டையில் பன்மடங்கு உயர்ந்தது. அவையும் போதாமல் பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர். காரணம் அந்தக் குறுக்குக் கம்பிதான். ஏறுவதற்குத் தடையாக இருந்த அதே கம்பி, குழந்தையை அமர்த்திக்கொள்ள இடமாயிற்று. முன்னே குழந்தை, பின்னே தண்ணீர்க் குடம் அல்லது விளைபொருள் மூட்டை என வண்டிகள் சென்றன.

இதன் விளைவு வெறும் மகிழ்ச்சியோடு நிற்கவில்லை. விளைபொருளை விற்கப் பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. ஓர் ஊரில் விலைபோகாவிட்டால் அடுத்த ஊருக்குச் செல்ல முடிந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கணவன் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. அங்கன்வாடிப் பணியாளர், சிற்றூர்ச் செவிலியர், பள்ளி ஆசிரியையர், கல்லுடைக்கும் தொழிலாளர் எனப் பலரும் வண்டியேறினர். கல்குவாரிகளை மகளிர் குழுக்களுக்கே குத்தகைக்கு விடும் முயற்சியும் அக்காலத்தில் அம்மாவட்டத்தில் நடந்தது. கூலிக்குக் கல் உடைத்தவர்கள் கணக்கேடு பார்க்கவும் அலுவலரிடம் பேசவும் வேண்டியவரானார்கள். தொல்காப்பியர் சொன்ன நான்காம் அச்சத்தை அவர்கள் எதிர்கொண்ட இடம் அது.

இதே புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி, எதிர்ப்புகளுக்கிடையே ஆடவர் மட்டும் பயின்ற மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்ததும், 1912ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றதும் பலர் அறிந்த வரலாறு. அவர் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. ஓர் இலட்சம் பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழைவதற்கு அவருக்குத் தேவைப்பட்ட துணிவும், ஒவ்வொரு நாளும் சாலைக்குள் நுழைவதற்கு இவர்களுக்குத் தேவைப்பட்ட துணிவும் இனத்தால் ஒன்றே.

கடல் கடந்த சான்றுகள்

புதுக்கோட்டைக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னர், அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி பிரான்சஸ் வில்லர்டு தம் 53ஆம் வயதில் மிதிவண்டி கற்றார். மதுவிலக்கு இயக்கத் தலைவராக ஆயிரக்கணக்கானோர் முன் உரையாற்றியவர் அவர். மேடைக்கு அஞ்சாதவர் வண்டிக்கு அஞ்சினார். முதலில் மூவர் வண்டியைப் பிடித்துக்கொண்டனர். பின்னர் இருவர், அடுத்து ஒருவர், கடைசியில் எவருமில்லை. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமே பயின்று, மூன்று மாத அளவில் கற்றுத் தேர்ந்த அவ்வனுபவத்தை 1895ஆம் ஆண்டு நூலாகவும் வெளியிட்டார். ஒரு துறையில் துணிந்தவர் எல்லாத் துறையிலும் துணிந்தவராக இருப்பதில்லை என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு. துணிவு என்பது பிறவிக் குணம் என்னும் எண்ணம் இங்கே ஆட்டம் காண்கிறது.

உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு அறிவியல் விளக்கம் தருகிறது. பீட்டர் என்று அவர் குறிப்பிடும் குழந்தைக்கு மூன்று வயது கூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் நடுங்குவான். அவன் உணவு உண்ணும்போது கூண்டில் அடைத்த முயல் அறையின் தொலைமூலையில் வைக்கப்பட்டது. நாள் செல்லச் செல்ல, அவன் அழாத அளவுக்கு மட்டும், கூண்டு சிறிது சிறிதாக நெருங்கிவந்தது. முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகள் உடன் விளையாடவும் வாய்ப்பளிக்கப்பட்டது. இறுதியில் முயல் தன் விரலைக் கொறிப்பதையும் அவன் பொறுத்துக்கொண்டான். அஞ்சாதே என்று எவரும் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. தொலைவும் துணையும்தான் சரியாக அளக்கப்பட்டன. அச்ச நோய்க்கு இன்று அளிக்கப்படும் மருத்துவ முறைகள் சிலவற்றுக்கு இவ்வாய்வு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

அஞ்ச வேண்டியவை

எல்லா அச்சமும் கடக்க வேண்டியது என்று கொள்வது பிழை. அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமையை வள்ளுவர் அறியாமை என்கிறார்; அக்கருத்தை அவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருப்பது எண்ணத்தக்கது. பெருக்கெடுத்த ஆற்றில் பந்தயத்துக்காக இறங்குவதும், தலைக்கவசமின்றி வண்டியை விரட்டுவதும் துணிவில் சேரா. ஓர் அச்சம் உயிரையும் அறத்தையும் காக்கிறதா, அன்றிப் பிறர் நகைப்பர் என்பதற்காக நம்மை வாயிலில் நிறுத்தி வைக்கிறதா என்று பிரித்தறிவதே முதல் வேலை. புதுக்கோட்டைப் பெண்கள் வண்டி சாயும் என்பதற்கு அஞ்சியது நியாயம். அதனால் மெதுவாகக் கற்றனர். ஊர் சிரிக்கும் என்பதற்கு அஞ்சியதைத்தான் அவர்கள் கடந்தனர்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தனிமனிதரின் துணிவைப் பாராட்டிவிட்டு, அவருக்கு வேண்டிய வசதியைப் பேசாமல் விடுவது பாதி உண்மையே. வண்டி வாங்கப் பணம் இல்லாதவளிடம் துணிவு பற்றிப் பேசிப் பயனில்லை. அறிவொளிப் பெண் தொண்டர்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்க மாவட்ட நிர்வாகம் முயன்றது. முகாமும் மைதானமும் பயிற்றுநரும் ஏற்பாடு செய்யப்பட்டனர். சிறிய அடியை எடுத்துவைப்பது தனிமனிதர் கடமை என்றால், அந்த அடி விழுவதற்குச் சமதளம் அமைப்பது அரசும் சமூகமும் செய்ய வேண்டியது. பிற்காலத்தில் தமிழக அரசு, முதலில் ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவியர்க்கும் பின்னர் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவர்க்கும் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியதை இத்தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கலாம். செய்யாற்றைச் சுற்றியுள்ள சாலைகளில் காலை எட்டரை மணிக்கு வரிசையாகச் செல்லும் மாணவியருள் எவரும் தாம் துணிவான செயல் செய்வதாக எண்ணமாட்டார். பேச்சும் சிரிப்புமாகப் போகிறார்கள்.

அவர்களுக்கு வேறு அச்சங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் அமர்ந்த மாணவி, புரியாத சொல்லை எழுந்து கேட்கத் தயங்குகிறாள். சாதிச் சான்று வாங்க அலுவலகம் செல்லும் மாணவன், தந்தையும் தானும் வாயில்படியிலேயே நிற்பதை உணர்கிறான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புபவருக்கு ஒவ்வொரு கட்டமும் ஒரு தேர்வு. இவற்றையும் தள்ளிக்கொண்டு நடப்பது, ஒரு கால் வைப்பது எனப் பகுத்துக்கொள்ள முடியும். முதல் நாள் ஐயத்தை ஏட்டில் எழுதிவைக்கலாம். மறுநாள் அருகிலிருக்கும் தோழியிடம் கேட்கலாம். அதற்கு அடுத்த நாள் வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் தனியே கேட்கலாம். நான்காம் நாள் கை தானே உயரலாம், உயராமலும் போகலாம். உயராவிட்டால் மூன்றாம் நாளின் இடத்தில் இன்னும் சில நாள் நிற்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. வேலியில் முட்டிய வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர்கள்தாம் அந்த ஓர் இலட்சம் பேரும்.

பின்னால் பிடித்தவர்

மிதிவண்டி கற்பிப்போர் அனைவருக்கும் தெரிந்த கள்ளம் ஒன்று உண்டு. பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடிவருவார்கள். எந்த இடத்தில் கையை எடுத்தார்கள் என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. சிறிது தொலைவு சென்றபின் குரல் தொலைவில் கேட்பதை உணர்ந்து திரும்பிப் பார்ப்பார். அங்கேதான் பலர் விழுவது. விழுந்தவர் எழுந்ததும் முதலில் கோபித்துக்கொள்வார். பிறகு, இவ்வளவு தொலைவும் தாமே ஓட்டிவந்தது நினைவுக்கு வரும்.

அறிவொளி இயக்கத்தின் முறையே கற்றவர் பிறர்க்குக் கற்பிப்பதுதான். எழுத்துக்கு இருந்த அம்முறை மிதிவண்டிக்கும் பொருந்தியது. ஒரு முகாமில் பின்னால் பிடிக்கப்பட்டவர், பின்னர் ஒரு முகாமில் புதிதாக வந்த இன்னொருத்தியின் வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, தம் புடவையை இடுப்பில் செருகி, மூச்சு வாங்க ஓடினார்.

சொல்லும் பொருளும்

பாவு – தறியில் நெடுக்காக அமையும் இழைத்தொகுதி
மெய்ப்பாடு – உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல்
அணங்கு – வருத்தும் தெய்வம்
தறுகண்மை – அஞ்சாமை
அம்பல் – சிலர் அறிந்த முணுமுணுப்பு
அலர் – பலர் அறியப் பரவிய பேச்சு

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்த பெண்மணி ஒருவரிடம், அவர் முதன்முதலில் தனியாகப் பயணம் செய்த நாளைப் பற்றிக் கேட்டு, அவர் சொற்களிலேயே ஒரு பக்க அளவில் எழுதுக.
2. திருக்குறளின் அவை அஞ்சாமை அதிகாரத்தைப் படித்து, அதில் கூறப்படும் கருத்துகளுள் இன்றைய வகுப்பறைக்குப் பொருந்துவன எவை, பொருந்தாதன எவை எனக் குழுவாகக் கலந்துரையாடுக.
3. நீங்கள் செய்யத் தயங்கும் செயல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை ஐந்து சிறு படிகளாகப் பகுத்து எழுதுக. முதற்படியை இந்த வாரத்தில் செய்துபார்க்க.